‘இம்மட்டும்’ என்றால் எதுவரைக்கும்? கர்த்தர் செய்த நன்மைகளை நினைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபம் நடக்கும். ஜெபம் முடிந்து காபி டம்ளர் கைக்கு வரும் நேரத்தில்தான் மனசில் கிடக்கிற கேள்விகள் வெளியே வரும். இத்தனை வருஷத்தில் அப்படி வந்ததில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஆண்டவர் முன்னே செய்ததை நினைத்துக்கொண்டு இப்போது அவரை நம்பு என்கிறார்களே, அது எப்படி, நிஜமாகவே உதவுமா, இல்லை சும்மா மனசைத் தேற்றிக்கொள்ளும் வழியா? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறவள், அவ்வளவுதான். வேத வசனங்கள் எல்லாம் கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

பழையதை நினைப்பதற்கும் இன்றைக்கு நம்புவதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி எல்லாருக்கும் கடன் கொடுக்க மாட்டார். புது ஆள் வந்து கேட்டால் சிரித்துக்கொண்டே மழுப்பிவிடுவார். ஆனால் சில வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றால் போதும், காசைப் பற்றிப் பேச்சே இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டாரோடு இருபது வருஷப் பழக்கம், மாசம் பிறந்தால் பணம் வரும் என்று அவருக்குத் தெரியும். நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, பழக்கத்திலிருந்து.

தாவீது சவுல் ராஜாவுக்கு முன்னால் நின்றபோது கோலியாத்தின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “என்னைச் சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் தப்புவித்த கர்த்தர்” என்றுதான் சொன்னான் (1 சாமுவேல் 17:37). அது யாருமே பார்க்காத காட்டில், ஆடுகள் மட்டும் நின்று பார்த்த சம்பவம். ஊர் பார்த்துக் கைதட்டின வெற்றி ஒன்றுகூட அதுவரை அவனிடம் இல்லை.

இதில் ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். “உமது உண்மை பெரிதாயிருக்கிறது” என்று புலம்பல் 3:23 சொல்கிறது. இன்றைய தமிழில் உண்மை என்றால் பொய்க்கு எதிர்ப்பதம் என்றே நினைத்து வாசித்துவிடுகிறோம். எபிரேயத்தில் அங்கே இருக்கிற சொல் எமுனா. அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் ஆரோனும் ஊரும் தாங்கிப் பிடிக்க, மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் ஒரே நிலையாய் இருந்ததாக யாத்திராகமம் 17ல் வருகிறதே, அந்த ‘நிலை’க்கும் அதே சொல்தான். தளர்ந்து இறங்கிவிடாத கை. நம் பக்கத்தில் “அவன் உண்மையான ஆளு” என்று ஒருத்தனைப் பற்றிச் சொன்னால், பொய் பேச மாட்டான் என்பதோடு, பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டான் என்பதும் அதில் இருக்கும் இல்லையா? அந்த உண்மை.

எபெனேசர், எபெனேசர் என்கிறோமே, அது என்ன?

வீட்டு வாசலில், ஆட்டோ பின்னால், ஜவுளிக்கடை போர்டில், கல்யாணப் பத்திரிகை தலைப்பில் என்று இந்தப் பெயர் நம்மிடம் இல்லாத இடமே இல்லை. ‘உதவியின் கல்’ என்று அர்த்தம். பெலிஸ்தரைத் தோற்கடித்த அன்றைக்கு சாமுவேல் ஒரு கல்லை எடுத்து மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தான் (1 சாமுவேல் 7:12). இது எல்லாருக்கும் தெரிந்த பாதி.

மற்ற பாதிக்கு மூன்று அதிகாரம் பின்னால் போக வேண்டும். நாலாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், இஸ்ரவேலர் பாளயமிறங்கின இடத்தின் பெயரும் எபெனேசர்தான். அங்கேதான் முதல் நாள் நாலாயிரம் பேர் செத்தார்கள். உடனே உடன்படிக்கைப் பெட்டியை ஏதோ தாயத்து மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள், அடுத்த அடியில் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியே எதிரி கைக்குப் போயிற்று. செய்தி கேட்ட ஆசாரியன் ஏலி பின்னாக விழுந்து செத்தான். அவன் மருமகள் பிரசவ வேதனையில் பிள்ளைக்கு இக்கபோத் என்று பேர் வைத்தாள், மகிமை போய்விட்டது என்று. அப்புறம் பெட்டி கீரியாத்யாரீமில் இருபது வருஷம் கிடந்தது.

அந்த இருபது வருஷத்துக்குப் பிறகுதான் சாமுவேல் அந்தக் கல்லை நிறுத்துகிறான். ஜனங்கள் காதில் எபெனேசர் என்ற பெயர் விழுந்தால் ஞாபகத்துக்கு வரக்கூடியது அப்பாவைப் பறிகொடுத்த நாள், அண்ணன் திரும்பி வராத நாள். அந்தப் பெயரையே எடுத்து உதவியின் கல்லுக்கு வைக்கிறான். அப்படியானால் ‘இம்மட்டும்’ என்ற சொல்லுக்குள் ஜெயித்த நாள் மட்டும் இல்லை, தோற்ற நாளும் நடுவில் ஒன்றுமே நடக்காமல் கிடந்த இருபது வருஷமும் சேர்ந்தே இருக்கிறது. எனக்கு இந்த வேதபகுதி பிடித்துப்போனதற்கே இதுதான் காரணம். நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்து மாலை கட்டுவதை நினைவுகூருதல் என்று வேதம் சொல்லவில்லை.

போன தடவை செய்தார். அப்படியானால் இந்தத் தடவையும் செய்வார்தானே?

அதையே செய்வார் என்று என்னால் சொல்ல முடியாது. கூட்டங்களில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு நடக்காதபோது அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க அவர்கள் வருவதில்லை.

அப்போஸ்தலர் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே ஏரோது, அதே நாட்களில், பேதுருவையும் பிடித்துச் சிறையில் போட்டான். தூதன் வந்து அவனைத் தட்டி எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனான். ஒருத்தரின் சாவுக்கும் இன்னொருத்தரின் விடுதலைக்கும் நடுவில் சில வசனங்கள்தான். ஏன் இவர், ஏன் அவர் இல்லை? வேதம் வாயே திறக்கவில்லை.

டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அயர்லாந்தில் பிறந்து 1895ல் இந்தியா வந்தவர், 1901லிருந்து பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். சாப்பாட்டுக்கும் கட்டிடத்துக்கும் ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிப் பழகியவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். சுகம் வரவில்லை. 1951 ஜனவரியில் சாகிறவரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தது. படுத்துக்கொண்டே எழுதினார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். தன் கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டிதான் இருக்கிறது. பணம் அனுப்பித்தந்த அதே ஆண்டவர் முதுகுவலியை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே அவரை நம்பினார் என்பது மட்டும் தெரியும்.

அதனால் பழைய நன்மை என்ன சொல்கிறது என்று கேட்டால், நடக்கப்போவதை அது சொல்வதில்லை, கூட நடக்கிறவர் யார் என்பதைச் சொல்கிறது. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் அக்கினிச்சூளைக்கு முன்னால் “தப்புவிக்க வல்லவராயிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் “விடுவிக்காமற்போனாலும்” என்றார்கள் (தானியேல் 3:17, 18). இரண்டையும் சேர்த்துச் சொல்ல வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் முதல் பாதி சத்தமாகவும் இரண்டாம் பாதி முணுமுணுப்பாகவும்தான் வருகிறது.

பரீட்சைக்குப் படித்தது நான், இன்டர்வியூவில் பேசியது நான். இதில் ஆண்டவர் எங்கே வந்தார்?

இதைக் கேட்ட பையன் கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டான். பயப்பட வேண்டியதில்லை, உபாகமம் 8ஆம் அதிகாரமே இந்தக் கேள்விக்குத்தான். வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு, “என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்” இதைச் சம்பாதித்தது என்று உனக்குத் தோன்றும், ஜாக்கிரதை என்கிறார் மோசே. நீ உழைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. உழைக்கிற பெலனைக் கொடுத்தது யார் என்று கேட்கிறார்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நன்மை பெரும்பாலும் மனுஷர் கை வழியாகத்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரத் தம்பி, டியூஷன் பீஸ் வாங்காத சார், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள். கோயிலில் மைக் பிடித்து “கர்த்தர் அற்புதம் செய்தார்” என்று சாட்சி சொல்லிவிட்டு அந்த ஆட்டோத் தம்பியைத் தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறோம் என்றால், நமக்கு ஞாபகத்தில் ஏதோ கோளாறு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், அந்தத் தம்பிக்கு நன்றி, இரண்டையும் சொல்லுங்கள், ஒன்று இன்னொன்றைக் குறைத்துவிடாது.

எனக்கு நினைத்துப் பார்க்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. நினைத்தால் அழுகைதான் வருகிறது. நான் என்ன செய்ய?

ஆசாப் எழுதின 77ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மெதுவாக, ஒரு நாளைக்கு நாலு வசனம் போதும். “நான் தேவனை நினைத்தபோது அலறினேன்” என்று மூன்றாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. நினைத்தால் உடனே சமாதானம் வரும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், ஆசாப்புக்கு நினைத்ததும் வந்தது அலறல். தூக்கம் வரவில்லை, பேச முடியவில்லை. தேவன் இரக்கஞ்செய்ய மறந்துவிட்டாரோ என்று நேராகவே கேட்டுவிடுகிறான். இதை ஆராதனையில் பாடுவதற்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், மறைத்து வைக்கவில்லை.

பத்தாம் வசனத்துக்குப் பிறகு அவன் திரும்புகிறான். “கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்” என்கிறான். எதை நினைக்கிறான்? தனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமுத்திரம் பிளந்ததை, மோசே ஆரோன் கையால் ஜனங்களை ஆட்டுமந்தை போல நடத்தினதை, அதாவது அவன் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்னால் நடந்ததை நினைக்கிறான். சொந்தக் கணக்கில் ஒன்றும் இல்லாதவன் குடும்பக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி. நற்கருணை நேரத்தில் நாமும் இதைத்தான் செய்கிறோம். “என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்” என்று அப்பத்தைக் கையில் வாங்கும்போது, இந்த மாசம் உனக்கு என்ன நன்மை நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிலுவை ஏற்கெனவே நடந்து முடிந்தது, நமக்கு நல்ல மாசமோ கெட்ட மாசமோ, அது மாறாது.

அந்தச் சங்கீதத்தில் இன்னொன்று. பத்தொன்பதாம் வசனம், “உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று.” வழி நடத்தினது நிஜம், கால்தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதும் நிஜம். உங்களுக்குத் தடம் தெரியவில்லை என்றால், அப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை.

மற்றவர்கள் செத்த இடத்தில் நான் பிழைத்தேன். “கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்” என்று சாட்சி சொல்லலாமா?

இது கடற்கரையிலிருந்து வந்த கேள்வி. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சலிலும் மணக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கோயிலுக்குப் போனவர்களும் செத்தார்கள், போகாதவர்களும் செத்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் அப்படித்தான். கன்னியாகுமரிப் பக்கம் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் திரும்பி வந்தார், பக்கத்து வீட்டுக்காரர் வரவே இல்லை. திரும்பி வந்தவரின் மனைவி எந்தத் தொண்டையால் ஸ்தோத்திரம் சொல்வார்?

நான் நினைப்பதைச் சொல்கிறேன், இதில் எனக்கே முழுத் தெளிவு கிடையாது. பிழைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் “நான் ஜெபித்தேன், அதனால் பிழைத்தேன்” என்று அந்த ‘அதனால்’ வந்து உட்கார்ந்த நிமிஷமே, அது செத்தவர்களின் மேல் ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. அவர்கள் ஜெபிக்கவில்லையா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியைப் பேசினபோது, அவர்கள் மற்ற எல்லாரைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). அந்தக் கணக்கை அவர் போடவே விடவில்லை.

ஆகவே அந்த அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். உங்கள் ஸ்தோத்திரத்தை வீட்டுக்குள் முழங்காலில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து அழுங்கள். மைக்குக்கு அவசரம் இல்லை.

சாட்சி சொல்லாவிட்டால் ஆண்டவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

மாட்டார். சுகம் வாங்கிக்கொண்டு திரும்பியே பார்க்காமல் போன ஒன்பது குஷ்டரோகிகளுக்கு குஷ்டம் திரும்ப வந்ததாக லூக்கா 17ல் எழுதியிருக்கவில்லை. எங்கே அவர்கள் என்று ஆண்டவர் கேட்டார், அது உண்மை. கேட்டதில் வருத்தம் இருந்தது, மிரட்டல் இல்லை.

பொருத்தனை (நேர்ச்சை) செய்திருந்தால் செலுத்துங்கள், அது வேறு விஷயம். ஆனால் எல்லா நன்மையையும் சபையில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. யோசுவா 4ல், தண்ணீர் ஒதுங்கி நின்ற யோர்தான் ஆற்றை ஜனங்கள் கடந்தபோது நாட்டின கற்கள் இரண்டு தொகுதி. யோர்தானிலிருந்து எடுத்து வந்து கில்காலில் நாட்டின பன்னிரண்டு கல் எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் வசனத்தில் யோசுவா இன்னும் பன்னிரண்டு கல்லை ஆற்றின் நடுவிலே, ஆசாரியர்களின் கால் நின்ற இடத்தில் நாட்டினான் என்று இருக்கிறது. தண்ணீர் திரும்ப வந்ததும் அவை மூழ்கிப்போயிருக்கும். யாரும் வந்து பார்க்க முடியாத கல்லை எதற்கு நாட்ட வேண்டும்? எனக்குத் தோன்றுவது, சில குடும்பங்களில் சில விடுதலைகள் அப்படிப்பட்டவை, வெளியே சொன்னால் ஒரு பிள்ளையின் பெயர் கெடும். அவை தண்ணீருக்கடியிலேயே இருக்கட்டும்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் பயம் போகவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?

சீஷர்கள் ஒரே ஒரு அப்பத்தோடு படவில் உட்கார்ந்து கவலைப்பட்டபோது, ஐந்து அப்பத்தைப் பிட்டபோது மீதி எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று இயேசு கேட்டார். “பன்னிரண்டு” என்றார்கள். ஏழு அப்பத்துக்கு? “ஏழு.” கணக்கு பிசகவே இல்லை (மாற்கு 8:19, 20). அவ்வளவு சரியாகத் தெரிந்தும் பயந்தார்கள். அவர்களை அவர் படவை விட்டு இறக்கிவிடவில்லை.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினது ஏதோ பழைய கதை இல்லை, சுடச்சுட நடந்தது. ராணி யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்ததும் ஓடிப்போய் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “கர்மேலை நினைச்சுப் பாருங்க அண்ணே, அங்கே செய்தவர் இங்கே செய்ய மாட்டாரா” என்று பிரசங்கமே பண்ணியிருப்போம். தூதன் கர்மேல் என்று வாயெடுக்கவே இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி தூங்கவிட்டான். எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான்.

ஓய்ந்துபோன உடம்புக்கு நினைவு வேலை செய்யாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் போதகராகவே இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

“முந்தினவைகளை நினைக்கவேண்டாம்” என்று ஏசாயாவில் இருக்கிறதே?

இருக்கிறது, 43:18. ஆனால் அதற்கு முந்தின இரண்டு வசனத்திலேயே செங்கடலை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். அதே ஏசாயாவில் மூன்று அதிகாரம் தள்ளி, 46:9ல், முந்திப் பூர்வகாலத்தில் நடந்தவைகளை நினையுங்கள் என்றும் வருகிறது. முரண் மாதிரி தோன்றும். கடலில் வழி உண்டாக்கினவர் இப்போது வனாந்தரத்தில் வழி உண்டாக்கப்போகிறார், நீ கடலையே பார்த்துக்கொண்டு நின்றால் இதைத் தவறவிடுவாய் என்பதுதான் அங்கே பேச்சு.

நினைப்பதிலும் கெட்ட நினைப்பு உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு எகிப்தின் மீனும் வெள்ளரிக்காயும் கொம்மட்டிக்காயும் வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் ஞாபகம் வந்தது (எண்ணாகமம் 11:5). சவுக்கடி மறந்துபோயிற்று, பூண்டு மறக்கவில்லை! எங்கள் சபையிலும் “அந்தக் காலத்து ஐயர் இருந்தப்போ” என்று ஆரம்பிக்கிற பெரியவர்கள் உண்டு (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம்). அந்தக் காலத்தில் நடந்த சண்டைகளையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

புது வருஷ வாக்குத்தத்த அட்டை போதாதா?

வருஷப் பிறப்பு ராத்திரி காவல் ஆராதனை முடிந்து, பாதித் தூக்கத்தில், தட்டிலிருந்து ஒரு வசன அட்டையை எடுத்துப் பிரிக்கிற அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க மாட்டேன். நானும் எடுக்கிறேன். ஒரே ஒரு யோசனை, போன வருஷ அட்டையில் என்ன இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு இல்லை. புது அட்டையை வேதத்துக்குள் வைக்கும்போது பழையதின் பின்னால் அந்த வருஷம் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டு வையுங்கள். பத்து அட்டை சேர்ந்தால் அதுவே ஒரு புத்தகம்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கதையை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

யோசுவா 4:6ல் பிள்ளைகள் கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள். “இந்தக் கற்கள் ஏதென்று” நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று. கேட்கிற மாதிரி எதையாவது கண்ணுக்கு முன்னால் வைப்பதுதான் நம் வேலை. ஒரு வீட்டில் பழைய தையல் மிஷினை ஹாலிலேயே வைத்திருக்கிறார்கள், ஓடாது. இடத்தை அடைக்கிறது, எடைக்குப் போடலாமே என்று பேரன் கேட்டான். அந்த மிஷினில் ஜாக்கெட் தைத்துத்தான் உங்க அப்பனைப் படிக்க வைத்தேன், மாசக் கடைசியில் துணி வராத நாட்களில் ஆண்டவர் யாரையாவது ஜாக்கெட் பிட்டோடு அனுப்புவார் என்று ஆச்சி ஆரம்பித்தார். பையன் அன்றைக்கு எழுந்து போகவில்லை.

கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நன்மையை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு அது விளம்பரம் மாதிரி கேட்கும்.

எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது? ஒன்றும் நடக்காத நாளில் என்ன எழுதுவது?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின ஜார்ஜ் முல்லர், கேட்டது எந்தத் தேதி, கிடைத்தது எந்தத் தேதி, எவ்வளவு என்று வருஷக்கணக்கில் எழுதி வைத்தார். 1836ல் வாடகை வீட்டில் ஆரம்பித்தவர் 1898ல் சாகும்போது ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். மனுஷரிடம் நிதி கேட்பதில்லை என்று வைத்திருந்தவருக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் அடுத்த நாளைக்குத் தைரியம். அவரிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். “ஆண்டவர் அநேக நன்மை செய்தார்” என்று பொதுவாக எழுதாதீர்கள், பத்து வருஷம் கழித்து வாசித்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது. தேதி, தொகை, யார் வந்தார், மழையா வெயிலா, இதெல்லாம் வேண்டும்.

எங்கள் அம்மா எழுதினது ஒரு பழைய டைரியில், எங்கோ உரக்கடையில் ஓசியாகக் கொடுத்தது. இடது பக்கம் பால் கணக்கு, வலது பக்கம் ஜெபக் கணக்கு. “பெரியவளுக்கு பீஸ் 450. வியாழன் கடைசி நாள்” என்று நீல மையில் இருக்கும். அதற்குக் கீழே சிவப்பு மையில் “புதன் சாயங்காலம், அத்தை கையில்” என்று இருக்கும். சிவப்பு மை வராத வரிகளும் நிறைய. அவற்றை அம்மா அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். “அப்பாவுக்கு சுகம்” என்ற வரி ஏழு பக்கத்தில் ஏழு தடவை வருகிறது, எங்கேயும் சிவப்பு மை இல்லை. எட்டாவது இடத்தில் அப்பா இறந்த தேதி மட்டும். அதற்குப் பிறகு இரண்டரை மாசம் வலது பக்கம் முழுக்க வெள்ளை, இடது பக்கத்தில் பால் கணக்கு மட்டும் ஓடுகிறது, அரை லிட்டர் குறைந்து. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையில் வலது பக்கம் மறுபடி ஆரம்பிக்கிறது. நீல மையிலேயே, கொஞ்சம் சாய்ந்த எழுத்தில்: “கேஸ் சிலிண்டர் வந்தது. ஸ்தோத்திரம்.”